வாயில்லா ஜீவனின் வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில், வேலைக்குப் போகிறவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கங்களே தீர்மானம் போட வேண்டும் என ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய மேல்வீட்டுக் குட்டி நாய் காலையிலிருந்து குரைத்துத் தள்ளுகிறதாம். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மேல்வீட்டுக்காரியாக நானே இருந்தேன். அவருடைய மேல்வீடு இல்லை. ஆதம்பாக்கத்தில், பன்னிரண்டு வீடுகள் உள்ள வேறொரு குடியிருப்பு.

எங்கள் நாயின் பெயர் மணி. பொமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. எதுவானால் என்ன, ஏழு கிலோ வெள்ளைப் பஞ்சு மூட்டை. வாயில்லா ஜீவன் என்பார்கள். எங்கள் வீட்டு ஜீவனுக்கு வாய் மட்டும்தான் பிரச்சினை.

நானும் கணவரும் எட்டரைக்குக் கிளம்பினால், முதலில் வீடு திரும்புவது நான், அதுவும் ஐந்தரைக்கு. எதிர்வீட்டு மாமா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் படியில் நிறுத்தி, "நீங்க லிஃப்ட்ல இறங்கினதும் ஆரம்பிச்சுடறாம்மா. எங்க பையன் நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்பத்தான் கண்ணை மூடறான்" என்றார். நான் நம்பவில்லை. நாங்கள் வீட்டில் இருக்கும்போது மணி அப்படிக் குரைத்ததே கிடையாது. மாமாவுக்கு நாய் என்றால் ஆகாது, அதனால் பெரிதுபடுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, "பார்த்துக்கறேன் மாமா" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே சங்கத்திலிருந்து நோட்டீஸ். பதற்றத்தில் ஆன்லைனில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கினேன். குரைத்தால் சுரீரென்று ஷாக் வைக்கும் பட்டை. மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் பார்த்தால், முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருந்தான். மிதியடி முழுக்க ஈரம். குழந்தை அழுகிறது என்று வாயைப் பொத்தினால் சத்தம் நிற்கும், பசி நிற்குமா? பட்டையைக் குப்பையில் போட்டேன். அதை வாங்கினேன் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிற யாராவது அதே பட்டையை இன்று ஆர்டர் செய்யக் கூடும் என்பதால் எழுதுகிறேன்.

காலைக் காட்டுவதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். களிம்பு எழுதிக் கொடுத்த டாக்டர், "நீங்க இல்லாதப்போ என்ன பண்றான்னு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. பழைய செல்போனை அலமாரி மேல் வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்டேன்.

கதவு சாத்துகிற சத்தம். லிஃப்ட் கிரில்லை இழுக்கிற சத்தம். நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு சோபாவுக்கும் கதவுக்குமாக நகங்கள் தரையில் டக் டக் என்று போய் வருகின்றன. கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து இழுக்கும் மூச்சு. ஒரு முனகல். அப்புறம்தான் குரைப்பு. வாசலில் ஆள் வந்தால் போடுகிற அதட்டல் இல்லை அது. ஒவ்வொன்றும் இழுபட்டு ஊளையில் போய் முடிந்தது. இருபத்தைந்து நிமிடம். எலுமிச்சை சாதத்தை அன்றைக்கு அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துவந்தேன்.

மீதியையும் கேட்டேன். ஒன்பதேகால் வாக்கில் அடங்கிவிட்டான். பதினொன்றுக்கு மேல் வேறு மாதிரிக் குரைப்பு: கூரியர்காரர் மாடியேறும்போது, எதிர்வீட்டில் அழைப்பு மணி அடிக்கும்போது, யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும்போது. அவர்கள் போனதும் நின்றுவிடுகிறது. ஆக, மாமா சொன்னது நிஜம். அதோடு, நான் ஒரே வியாதி என்று நினைத்தது இரண்டு வியாதி. ஒன்று, விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்ற பயம். இன்னொன்று, காவல் காக்கும் குணம்.

இரண்டாவது ஒரே நாளில் பாதி குறைந்தது. மணியின் படுக்கை ஹாலில், வாசல் கதவை ஒட்டி இருந்தது. அதைப் பின்பக்கப் படுக்கையறைக்கு மாற்றினோம். நடைவழியைப் பார்த்த ஜன்னலின் கீழ்க்கண்ணாடியில் காகிதம் ஒட்டினோம். மின்விசிறி ஓடும், வானொலி மெதுவாகப் பாடும். வெயில் காலத்தில் கரண்ட் போனால் அந்த அடர்ந்த ரோமத்தோடு தவித்துப் போவான் என்று அந்த அறை மின்விசிறியை இன்வெர்ட்டரில் இணைத்தோம். காலையில் ஐந்தே முக்காலுக்கே நடைக்குக் கூட்டிப் போகிறேன். முன்பெல்லாம் தரதரவென்று ஒரு சுற்று இழுத்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு கம்பத்தையும் அவன் ஆற அமர மோந்து பார்க்கிற வரை நிற்கிறேன். அரை மணி நேரம் அப்படி மோந்துவிட்டு வந்தால் தானாகப் படுத்துவிடுகிறான்.

பயம்தான் ஆறு வாரம் எடுத்தது. நான் சாவியை எடுத்தாலே அவனுக்கு மூச்சு வாங்கும். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். கைப்பையை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கதவுக்கு வெளியே போய்ப் பத்து விநாடியில் திரும்பினேன். அப்புறம் அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். அவன் குரைக்க ஆரம்பிக்கும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். குரைத்தால் ஒரு படி இறங்கி, இன்னும் குறைந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதையும் விட்டேன். இந்தப் பயிற்சி நடக்கும் நாட்களில் முழுப்பகலும் தனியாக விட்டால் உழைத்ததெல்லாம் வீண். எனவே கும்பகோணத்திலிருந்து அம்மாவை வரவழைத்தேன். "பேரனைப் பார்த்துக்கக் கூப்பிடுவான்னு பார்த்தா, நாய்க்குத் துணைக்குக் கூப்பிடறியேடி" என்றபடி வந்தாள். அப்படி யாரும் கிடைக்காதவர்களுக்குப் பகல் நேரக் காப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன, செலவுதான்.

கிளம்பும்போது ஒரு ரப்பர் பொம்மை கொடுக்கிறேன். நடுவே குழியாக இருக்கும். தாளிக்காத, உப்புப் போடாத தயிர் சாதத்தை அதில் அடைத்து, முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். நக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் அதைத் தொடவே மாட்டான், நாங்கள் வந்த பிறகுதான் சாப்பிடுவான். பயந்துபோன நாய்க்குப் பிரியாணி வைத்தாலும் இறங்காது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் இல்லாதபோது பொம்மை காலியான அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயம் மிக முற்றிப்போன நாய்க்கு டாக்டரே மாத்திரை எழுதுவதுண்டு. நாமாக எதையும் கொடுக்கக் கூடாது. இத்தனை நாள் சும்மா இருந்த வயதான நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும், வலியாக இருக்கலாம்.

வாசகர் கேட்கும் தீர்மானத்துக்கு வருகிறேன். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்புச் சங்கம் விதி போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. (ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த வாரியம்தான், வெகுகாலம் சென்னையிலேயே இருந்தது.) குரைப்பது நாயின் இயல்பு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கும், தொடர்ந்து குரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வளர்ப்பவருக்கும் ஒரே தாளில் சொல்கிறது. நாய்க்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி மூச்சு விட மாட்டோம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை வெளியே நடமாட விடாமல் இருப்பது அதன்படி குற்றம். காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிற வீட்டில், பகலில் எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லையென்றால், குட்டி நாய் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு வாங்கும் எண்ணத்தை விட்டவர்கள் இரண்டு பேர், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மேல்வீட்டுக்காரர்கள் உங்களை நம்பாமல் இருக்கலாம், அவர்கள் காதில் அது விழுந்ததே இல்லை. 'நாள் பூரா குரைக்கிறது' என்பதற்குப் பதிலாக நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். பயிற்சி முடிந்து அம்மா ஊருக்குப் போனதும், மாமாவிடம் போய் அதைத்தான் கேட்டேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், பழைய தொழில் பழக்கத்தில், "வரவு 08.34, புறப்பாடு 08.39" என்று எழுதிக் கதவிடுக்கில் செருகிவிடுவார். அந்தத் தாள்களை வைத்துத்தான் முதல் பத்து நிமிடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். கூரியர் பொட்டலங்களைக் கீழே வாட்ச்மேன் மேஜையிலேயே வைத்துவிடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். சங்கம் அதற்கு ஒரு தீர்மானம் போட்டது.

இப்போது தாள் எப்போதாவதுதான் வருகிறது. போன வெள்ளிக்கிழமை வந்தது: "வரவு 11.20, புறப்பாடு 11.21. கேஸ் சிலிண்டர். பையன் எழுந்திருக்கவில்லை."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆதம்பாக்கம், சென்னை