வேளைக்குச் சாப்பிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மணத்தக்காளி வற்றல் போட்டேன். மாடியில் நாலு நாள் வெயில், ஒவ்வொரு ராத்திரியும் மோரில் ஊறவைத்து மறுநாள் திரும்பக் காயவைத்தது. இப்போது கையில் அள்ளினால் கலகலவென்கிறது. பார்சலில் அனுப்புகிறேன். நல்லெண்ணெயில் வறுத்துச் சோற்றோடு பிசைந்து முதல் உருண்டையாக அதைச் சாப்பிடு. காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. சும்மாதான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

சித்திரைச் சதயத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்தேன், அப்பர் குருபூசை. அஷ்டமிக்கு யோக பைரவரைப் பார்க்கப் போவேனே, அதே கோயில்தான். உன்னைப் பெற்ற அப்பச்சி பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, முழங்கால் வலியாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடக்க மட்டும் அந்த முழங்கால் எப்படி ஒத்துக்கொள்கிறதோ, அது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அப்பருக்கு வெள்ளை வேட்டி கட்டி, ருத்திராட்சம் போட்டு, தோளில் இருந்த புல் செதுக்கும் உழவாரத்தில் யாரோ அரளிச்சரத்தைச் சுற்றியிருந்தார்கள். அது வழுக்கி வழுக்கி இறங்க, ஓதுவார் பாட்டை நிறுத்தாமலே இடது கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அந்த ஊர்மேல் அப்பர் பாடின தாண்டகம், ‘அவன் என் சிந்தையானே’ என்று முடியுமே, அது. அப்புறம் கொல்லிப் பண்ணில் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ எடுத்தார். ‘குடரோடு துடக்கி முடக்கியிட’ என்று அவர் இழுத்தபோது என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது.

நாலாம் வகுப்பில் அந்தப் பதிகம் பத்தையும் ஒரு சொல் பிசகாமல் பாடினவன் நீ. துடக்கி என்றால் என்ன என்று கேட்டாய், குடலைக் கட்டி முறுக்குவது என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாய். ‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்’ வரும்போது உன் குரல் மேலே போய் நிற்கும், அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பரிசாக வந்த எவர்சில்வர் டப்பாவில் இன்றைக்கும் கடுகு போட்டு வைத்திருக்கிறேன். அப்படிப் பாடின பிள்ளை இப்போது போனில் ‘ம்’, ‘சரி’, ‘வைக்கிறேன்’. அவ்வளவுதான். அதுவும் ஐந்து வாரமாக இல்லை.

சரி, மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. தேவகோட்டையிலிருந்து உன் கூடப்பிறந்த ஆச்சி பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்களாமே? புண் என்றார்களாமே? பெற்றவளிடம் சொல்லக்கூடாத சமாசாரமா அது? அவளைத் திட்டாதே, நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள். மாத்திரையை விட்டுவிடாதே. காரத்தைக் குறை. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி பத்து மணிக்குமேல் சாப்பிடுவதெல்லாம் ஒரு சாப்பாடா?

அப்பரின் அக்கா திலகவதியார் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ள இருந்த கலிப்பகையார் போரில் போனபின் அந்த அம்மாளும் போயிருப்பார், ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்றுதான் உயிரை வைத்திருந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். அந்தத் தம்பியே சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆகிவிட்டார். வயிற்றில் சூலை நோய் வந்து துடித்து, சமைத்துப் போடுகிறவனை அக்காவிடம் அனுப்பினால், நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். மூன்று வருஷமாக இந்த ஓர் இடத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய அம்மாளே போகவில்லை, நான் எதற்குப் புனேக்கு வரவேண்டும் என்று. கோயிலில் உங்களைக் குடும்பக் கணக்கில் புள்ளியாக எழுத மாட்டார்கள், ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அதற்கு மேலே ஆயிரம் கணக்கு.

கதையில் அடுத்தது என்ன? ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பி திருவதிகைக்கு வந்து காலில் விழுகிறார். அக்கா ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுப்பித் திருநீறு கொடுக்கிறார். விடியுமுன் துடைப்பமும் மெழுகுவதற்குச் சாணியும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு வீரட்டானக் கோயிலுக்குள் போகிறார். நீயும் வந்தாய், தம்பி. நீ கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்தாய். நான் என்ன செய்தேன்?

நீங்கள் இரண்டு பேரும் முகப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் நான் இரண்டாங்கட்டில் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். உனக்குத் தெரியாது. தலைவலி, படுத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். வேலைக்கு வரும் பெண்ணிடம் இரண்டு டம்ளர் காபி கொடுத்தனுப்பினேன், பெற்ற பிள்ளைக்கு. நீ கூட்டி வந்தவள் எனக்கென்று வாங்கி வந்த மல்லிகைப்பூவை வாழையிலைப் பொட்டலத்தோடு பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இலை காய்ந்து சுருண்டு, நார் மட்டும் மிஞ்சும்வரை நான் அதைத் தொடவில்லை. அப்பச்சிதான் எடுத்துப் போட்டார். ஒன்றும் பேசவில்லை, அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

‘கொடுமைபல செய்தன நானறியேன்’ என்று அப்பர் பாடிவிட்டார். நாற்பது வருஷமாக நானும் கூடவே பாடியிருக்கிறேன். அன்றைக்குத் திருப்பத்தூரில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அவர் அறியாமல் செய்தார். நான் எல்லாம் அறிந்தேதான் செய்தேன். அந்த மல்லிகைப்பூ வாசம் இரண்டாங்கட்டு வரைக்கும் வந்தது, தம்பி.

உன் வயிற்றுப் புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும்.

திருவதிகையில் உன் பேருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அப்பச்சியிடம் சொன்னேன். பண்ருட்டி பக்கம்தானே, போகலாம் என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, முதலில் புனேக்கு டிக்கெட் பார்க்கவா என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் வரலாமா என்று அவளிடம் கேள். நீ முந்திக்கொண்டு ‘வாங்க’ என்று சொல்லாதே, அவள் வாயால் சொல்லட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் யோசிக்கட்டும். அவளுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்பதையும் கேட்டு எழுது, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் எனக்கு அதுகூடத் தெரியாது.

வற்றலை ஈரக்கையால் தொடாதே, பூசணம் பிடித்துவிடும்.

அம்மா