அவர் பத்தருங்க, அதிபர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் காங்கயம் கடைவீதி முதியவர் ஒருவர் காலமான செய்தி நாலு வரியில் வந்திருந்தது. 'நகைக்கடை அதிபர்' என்று போட்டிருந்தீர்கள். அவரே படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவருக்குக் கடை என்று ஒன்று இருந்ததே இல்லை. எட்டுக்குப் பத்தில் ஒரு பட்டறை, உமி போட்ட குமுட்டி, ஊதுகுழல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, அவ்வளவுதான். ஊருக்கே அவர் பத்தர், அதாவது நகை செய்யும் பொற்கொல்லர்.

தொழில் படித்து முடித்த வேகத்தில் 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். நம் பக்கம் 14 காரட்டில் தாலிக்கொடி கேட்பவர் யார்? வேலை நின்றுபோய், இவர் அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதினார். அந்த நாளில் நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பலர் உயிரையே விட்டார்கள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சுதுங்க, பொழச்சுக்கிட்டேன்" என்பார். அவர் மறுபடி குமுட்டி பற்றவைத்தது எந்த வருஷம் என்று நான் கேட்டு வைக்கவில்லை.

நான் ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்தவள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நகைப் பட்டறைக்குப் போனால் வாசற்படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். காது குத்த யாரும் எங்கள் தெருவுக்கு வரமாட்டார்கள். அம்மாவைப் பெற்ற அம்மிச்சியே வேலிமுள்ளை ஒடித்துக் குத்திவிடும். அது சீழ் வைத்து ஒரு மாசம் படுத்தும்.

1972-இல் எனக்கு ஏழு வயது. எங்கப்பன் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை வர்றேன், இன்னும் யாராருக்குக் குத்தணுமோ எல்லாத்தையும் கூட்டி வையுங்க" என்றாராம். 'வையுங்க' என்று அவர் சொன்னதை எங்கப்பன் சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் பொடிப் பையன்கூட எங்கப்பனை 'வாடா போடா' என்றுதான் கூப்பிடுவான்.

சொன்ன மாதிரியே சைக்கிளில் வந்தார். என் காதில் குங்குமத்தால் பொட்டு வைத்து, எட்ட நின்று ரெண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை அழித்துவிட்டு மறுபடி வைத்தார். "கண்ணு, ஒண்ணுலிருந்து நூறு வரைக்கும் சொல்லு. எங்கே நிறுத்தறயோ அங்கேதான் குத்துவேன்" என்றார். நான் பயத்தில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பதினேழு வருவதற்குள் ஒரு காதில் கம்பி ஏறியிருந்தது. வலியே இப்போது ஞாபகமில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கூலி என்று வெற்றிலை பாக்கும் ஒண்ணேகால் ரூபாயும் வாங்கிக்கொண்டார், அதுவும் மொத்தத் தெருவுக்கும் சேர்த்து. அதற்கப்புறம் கடைவீதியில் கொஞ்ச நாள் அவருக்கு வேலை குறைந்துபோனதாம். அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-இல் என் மகள் கல்யாணத்துக்காக, அம்மாவின் ரெண்டு பவுன் சங்கிலியை மாற்ற ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் வைத்துப் பார்த்து, 18 காரட்தான் என்றார்கள். அது பத்தர் செய்த சங்கிலி. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே அவரிடம் கொண்டுவந்தேன். உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார், பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றுத் தெரிந்த தங்கம் வைத்த ஊசியான மாற்றாணியால் ஒரு கோடு. மேலே ஒரு சொட்டுத் திராவகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"டீச்சருங்க, பதினெட்டெல்லாம் இல்ல, அது பொய். ஆனா இருபத்திரண்டும் முழுசா இல்லீங்க. பத்தவெச்ச எடத்துல நான் பொடி கூடப் போட்டிருக்கறன்" என்றார். பொடி என்றால் நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் கலப்பு உலோகம், அது கூடினால் மாற்றுக் குறையும். மறுநாள் ரோஸ் தாளில் அரை கிராம் தங்கத்தை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

சந்தை நாளில் அவர் பட்டறை வாசலில் எப்போதும் நாலைந்து பெண்கள் நிற்பார்கள். முந்தானையில் முடிந்த கம்மலோ மூக்குத்தியோ கையில் இருக்கும். உரைத்துச் சொல்ல அவர் காசு வாங்கியதில்லை. இனி அவர்கள் எங்கே போவார்கள்? 2021 ஜூனிலிருந்து புது நகைக்கு ஹால்மார்க் என்ற தர முத்திரை கட்டாயம் என்று வந்துவிட்டது, சரி. பீரோவில் கிடக்கும் பழசுக்கு? முத்திரை இல்லாத பழைய நகையை, பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு மையத்தில் நாமே நேரில் கொடுத்துச் சோதிக்கலாம். நாலு உருப்படி வரைக்கும் அரசு அறிவித்த கட்டணம் 200 ரூபாய். என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளில்கூட இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு நாள் இதை விவரமாகப் போடுங்கள்.

நொய்யல் கரைக் கொடுமணலில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்மணி கோத்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். ஆசையாகத்தான் படிக்கிறேன். கடைவீதி ஆளுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமில்லையா?

திருத்தம் போடுவதாக இருந்தால் 'பத்தர்' என்று போடுங்கள். படம் கேட்டால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, 1994-இல் என் மகள் காதுகுத்தில் எடுத்தது. குனிந்திருக்கிறார். வழுக்கையும் விரல்களும்தான் தெரிகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காங்கயம்.