மேட்டுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சுரங்கம் தோண்டும்போது எடுக்கும் மண்ணையும் பாறையையும் குவித்துவைக்கும் மண்மேடுகள் சரிவதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'பலத்த மழையால் மேடு சரிந்தது' என்று காரணத்தை ஒரே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மழை எல்லா மேட்டின் மீதும்தான் பெய்கிறது, சில மேடுகள் மட்டும் ஏன் சரிகின்றன?

வேல்ஸ் நாட்டு அபர்ஃபான் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, மலைமேல் கொட்டிவைத்திருந்த நிலக்கரிக் கழிவு சேறாக ஓடிவந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அங்கேயும் அதற்கு முன் பல நாள் மழைதான். ஆனால் 1958ல் தொடங்கிய அந்த ஏழாம் எண் மேட்டை ஓர் ஊற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்று சுரங்கத்தை நடத்திய அரசு நிலக்கரி வாரியத்தின் தலைவர் சொன்னார், ஊர்க்காரர்களுக்கோ நன்றாகத் தெரியும், வரைபடத்திலும் இருந்தது. 1963லேயே நகராட்சிப் பொறியாளர் ஒருவர், பள்ளிக்குப் பின்னால் கொட்டப்படும் நிலக்கரிச் சேற்றால் ஆபத்து என்று தலைப்பிலேயே சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். அதே வருடம் அந்த மேடு ஒருமுறை சரிந்தும் இருந்தது! இதற்குப் பிறகும் மழையைக் குற்றம் சொல்ல முடியுமா? விசாரணை ஆணையம் 1967ல் பழியை நேராக வாரியத்தின் மேல் வைத்தது. அப்படியும் ஒருவர் வேலைகூடப் போகவில்லை. சுரங்கக் கழிவு மேடுகளுக்கென்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1969ல்தான்.

நான் பல வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மேட்டைத் தாங்கி நிறுத்துவது மண் துகளுக்கும் துகளுக்கும் இடையில் உள்ள உராய்வு. இடைவெளிகளில் தண்ணீர் ஏறி அழுத்தம் கூடினால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடும், அப்புறம் சாய்வு எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும் பிரயோஜனமில்லை. நம் நிலக்கரிச் சுரங்க விதிகளில் மேட்டின் சாய்வு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக வெட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அவசியமான விதிகள்தான். ஆனால் கோணத்தை வெளியே நின்று அளந்துவிடலாம், தண்ணீரை அளக்க மேட்டுக்குள் துளை போட்டு பீசோமீட்டர் என்ற நீரழுத்தம் அளக்கும் கருவியை இறக்கி, மாதாமாதம், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, போய்ப் பார்க்க வேண்டும்.

மண்ணின் வலிமை இவ்வளவு என்று ஆய்வுக்கூடம் தரும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மண் எவ்வளவு விசையில் சறுக்கும் என்று பார்க்கும் ஷியர் பாக்ஸ் என்ற பெட்டி வழக்கமாக வெறும் 6 செ.மீ. சதுரம், அதில் 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கும் மண்ணைத்தான் போடுவோம். மேட்டிலோ ஆள் உயரப் பாறையும் இருக்கும், களிமண்ணும் இருக்கும். எந்த இடத்தில் மண் எடுத்தார்கள், எவ்வளவு ஈரத்தில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். ஒருமுறை எங்களிடம் வந்த மாதிரி மண் சாதாரண சாக்கில் கட்டி, வழியிலேயே காய்ந்து பொடியாகி வந்து சேர்ந்தது. நனைத்துச் சோதிக்க இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டோம், அனுப்பியவர்கள் இப்படியே செய்து கொடுங்கள், அறிக்கை அவசரம் என்றார்கள். காய்ந்த மண்ணுக்கு நல்ல எண் வரும். மறுத்தோம், வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மேடு என்ன ஆயிற்றோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, மேட்டு மண்ணைச் சரியாகவே சோதித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அது உட்கார்ந்திருக்கும் தரை? ஜார்க்கண்டில் கோட்டா மாவட்டத்தின் ராஜ்மகால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 மாலை நடந்த சரிவில் 23 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். மேடு நின்றிருந்த தரையே சுமார் 35 மீட்டர் கீழே இறங்கியது என்று அப்போது அதிகாரிகள் தரப்பிலேயே சொன்னார்கள். டிசம்பர் கடைசி, அங்கே மழைக்காலம் முடிந்து எவ்வளவோ நாள் ஆயிற்று. கட்டுரையாளர் இந்த ஒரு சம்பவத்தையாவது சேர்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து நெய்வேலி பக்கம் போகும்போதெல்லாம் மரம் வளர்ந்து பச்சையாக நிற்கும் மேடுகளைப் பார்க்கிறேன். மரம் வளர்ப்பது நல்லது, மேல்மண் அரிப்பைத் தடுக்கும், ஆனால் வேர் போகாத ஆழத்தில் நடக்கும் சறுக்கலை அது பிடித்து நிறுத்தாது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கமே நடக்கும். தண்ணீர் என்ன செய்யும் என்று எங்கள் பகுதிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் கேட்கிறேன்: எந்த மாநிலமானாலும் சரி, ஒவ்வொரு மேட்டின் அடிவாரத்திலும் ஒரு பலகை வையுங்கள். உள்ளே நீர்மட்டம் எவ்வளவு, மேடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது, கடைசியாக அளந்தது எந்தத் தேதி, இந்த மூன்றும் அந்த ஊர் மொழியில் இருக்கட்டும். அடுத்த கட்டுரைக்காக அதிகாரிகளிடம் பேசும்போது உங்கள் நிருபர் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிப் போட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றிய ஒரு வாசகர்,
விருத்தாசலம்.