பறக்கவிடும் முன் பேலன்ஸ் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் ரேடியோ கன்ட்ரோல் விமானம் செய்வது பற்றித் தங்கள் மாணவர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சன்பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டையை வெட்டுவது, வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவைப் பொருத்துவது, மோட்டாரைப் பூட்டுவது எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஆனால் பசை காய்ந்ததும் நேராக மைதானத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதுபோல் கட்டுரை முடிந்துவிட்டது. நடுவில் பேலன்ஸ் பார்க்கும் வேலை, அதாவது மாடலின் எடை முன்னும் பின்னும் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை, ஒன்று இருக்கிறது.

என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளைகள் பல வாரம் உட்கார்ந்து செய்த மாடல், கையை விட்டுப் போன சில நொடிகளில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தரையில் விழுந்து நொறுங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே ரேடியோவைச் சந்தேகப்படுவார்கள், மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. எடை பின்னால் தள்ளி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பழகுபவர்களுக்கான சாதாரண நேர் இறக்கை டிரெய்னர் மாடலுக்கு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமமாக நிற்கும் இடம், விழ வேண்டும். இறக்கை 24 செ.மீ. அகலம் என்றால் 6 முதல் 8 செ.மீ.க்குள். முதல் பறப்புக்கு 6-ஐ ஒட்டியே வைப்பது நல்லது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கும், வாலே இல்லாத மாடலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்கு வரைபடத்தில் கொடுத்திருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. மாடலில் பறக்கும்போது இருக்கும் எல்லாமே இருக்க வேண்டும்: பேட்டரி, புரொப்பல்லர், ரிசீவர், சக்கரம், ஸ்டிக்கர் வரைக்கும். பேட்டரி அதன் இடத்தில் இருந்தால் போதும், வயரை இணைக்கக் கூடாது. கை அருகில் இருக்கும்போது மோட்டார் சுற்றிவிட்டால் விரல் போய்விடும். இறக்கையின் அடிப்பக்கம், உடலை ஒட்டி இரண்டு பக்கமும், அளந்த இடத்தில் சின்ன டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த டேப்பில் ஆள்காட்டி விரல்களை வைத்து மெதுவாகத் தூக்குங்கள். மாடல் மட்டமாக நின்றால் சரி. மூக்கு ஒரு துளி கீழே இறங்கினாலும் சரி. வால் இறங்கினால் அன்றைக்குப் பறக்கவிடக் கூடாது. இறக்கை உடலுக்குக் கீழே இருக்கும் மாடலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் எஞ்சின் மாடலில் டேங்க் பொதுவாக முன்பக்கம் இருக்கும். எரிபொருள் தீரத் தீர எடை பின்னுக்குப் போகும். ஆகவே டேங்க் காலியாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

வால் கனத்தால் ஏன் இவ்வளவு ஆபத்து? எடை முன்னால் இருக்கிற மாடலை ஒரு காற்று தூக்கினால், வால் அதைத் தானே பழைய நிலைக்குக் கொண்டுவரும். எடை பின்னால் போய்விட்டால் தூக்கிய மூக்கு மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போகும், வேகம் செத்து ஒரு பக்கமாகக் கவிழும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைத் தொட்டுத் திருத்த, பழகியவன் கைக்கே நேரம் இருக்காது, பதினாலு வயதுப் பையன் என்ன செய்வான்? மூக்கு கனத்த மாடல் சோம்பலாகப் பறக்கும், வேகமாகத் தரையிறங்கும். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பி வரும். பெரிய விமானங்களுக்கும் இதுதான் நிலை. 1997 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மயாமியில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் புறப்பட்ட வேகத்தில் மூக்கு தூக்கி விழுந்தது. தரையில் இருந்த ஒருவரோடு சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். சரக்கை ஏற்றிய விதத்தில் எடை பின்னால் போயிருந்தது என்றுதான் விசாரணையில் தெரிந்தது.

வால் இறங்கினால் உடனே மூக்கில் ஈயம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். 1,200 கிராம் மாடலில் 180 கிராம் பேட்டரியை 4 செ.மீ. முன்னே தள்ளினால் ஈர்ப்பு மையம் 6 மி.மீ. முன்னே வரும். பல நேரம் அதுவே போதும். போதாதபோதுதான் ஈயம், டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் பட்டைகள் இதற்கு அருமையாக உதவும். ஆனால் இதில் சீசா பலகைக் கணக்கு ஒன்று இருக்கிறது. மையத்திலிருந்து வால் 60 செ.மீ., மூக்கு 20 செ.மீ. தள்ளி இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டும். வாலில் பசையையும் பெயிண்டையும் தாராளமாகப் பூசும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டு பேலன்ஸையும் விட்டுவிடக் கூடாது. மூக்கின் நுனியில் ஒருவரும் வாலின் கடைசியில் ஒருவரும் பிடித்துத் தூக்கினால் கனமான இறக்கை தாழும். எதிர் இறக்கையின் நுனியில் சிறிது எடை ஒட்டினால் தீர்ந்தது. இதைச் செய்யாத மாடல் மேலே நன்றாகப் பறப்பதுபோல்தான் இருக்கும், தரையிறங்க வேகம் குறையும்போது கனத்த பக்கம் சட்டென்று சரியும்.

அப்புறம், பேட்டரியை வெல்க்ரோவில் மட்டும் ஒட்டி நிறுத்தாதீர்கள், மேலே ஒரு பட்டையும் கட்டுங்கள். அது நின்ற இடத்தை மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். வேறு எடையுள்ள பேட்டரி மாட்டினால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பள்ளி, கல்லூரிகளில் பயிற்சி முகாம் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: இறக்கையின் அடியில் டேப் ஒட்டாத மாடலை மைதானத்தில் அனுமதிக்காதீர்கள். தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. அடுத்த மாணவர் இணைப்பில், இரண்டு விரலில் நிற்கும் ஒரு மாடலின் படத்தையும், முன்விளிம்பிலிருந்து எங்கே அளக்க வேண்டும் என்ற குறிப்பையும் ஒரு ஓரத்தில் போடுங்கள். இந்த விடுமுறை முடிவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏரோமாடலிங் பயிற்றுநர்,
கரூர்.