விளம்பரத்தில் கப்பலின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் சொகுசுக் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் நாளிதழ்களில் பெரிதாக வெளியாகின்றன. எத்தனை இரவுகள், தலைக்கு எவ்வளவு கட்டணம், எந்த நிறுவனம் என்பவை கொட்டை எழுத்தில் இருக்கின்றன. ஆனால் பயணி ஏறப்போகும் கப்பலின் பெயர் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது, பல விளம்பரங்களில் அதுவும் இல்லை. பயணக் கட்டுரைகளும் இந்த நிறுவனம் நல்லதா, அந்த நிறுவனம் நல்லதா என்றே ஒப்பிட்டுப் பார்க்கின்றன. உறவினர்களும் நண்பர்களும் கப்பல் பயணத்துக்குத் திட்டமிடும்போது அவர்களோடு உட்கார்ந்து தள வரைபடங்களையும் பயண அட்டவணைகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், ஒரு விடுமுறையின் தரத்தைத் தீர்மானிப்பதில் நிறுவனத்தின் பெயரைவிடக் கப்பலுக்கும் அதன் வழித்தடத்துக்குமே பங்கு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். அதை விளக்கவே இக்கடிதம்.

இத்தொழிலில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை சில குழுமங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, குனார்டு ஆகியவை ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் இன்னொரு குழுமம். நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் செவன் சீஸ் மற்றொன்று. ஒரே உரிமையாளரின் கீழ் இயங்கினாலும் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைப் பயணிகளை மனத்தில் வைத்து நடத்தப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரே பெயருக்குள்ளேயே கப்பலுக்குக் கப்பல் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரியது. ராயல் கரீபியன் 2024-இல் ஓட்டத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது; அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பேரையும், எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் சுமார் 7,600 பேரையும் ஏற்றிச் செல்லக்கூடியது. அதே நிறுவனத்தின் கிராண்டியர் ஆஃப் தி சீஸ் 1996-இல் வந்த கப்பல். அறைக்கு இருவர் என்றால் அதில் ஏறுவோர் ஏறத்தாழ 2,000 பேர்தான். ஒன்றில் நீர்ச்சறுக்குப் பூங்காவும் பனிச்சறுக்கு அரங்கும் உண்டு. மற்றதில் மாலை நேரத்தில் தளத்தில் நடந்துகொண்டே கடலைப் பார்க்கலாம். இவற்றில் ஒன்றில் போய்வந்தவர் ‘அந்த நிறுவனம் அருமை’ என்று சொல்லக் கேட்டு, வேறொருவர் மற்றொன்றில் முன்பதிவு செய்தால் அவருக்குக் கிடைக்கப்போவது முற்றிலும் வேறொரு விடுமுறை.

கப்பல் பெரிது என்றால் நெரிசல், சிறிது என்றால் அமைதி என்று பலர் எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இதைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்த டன் அளவு என்பது அதன் எடை அன்று. உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்பது ஓரளவு தெரிந்துவிடும். சுமார் 74,000 டன் கொண்ட கிராண்டியருக்கு இந்த விகிதம் 37. 2,48,663 டன் கொண்ட ஐகானுக்கு, அறைக்கு இருவர் என்ற கணக்கில், 44. வைக்கிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களில் பல சுமார் 47,800 டன் கொண்டவை, அவற்றில் 930 பேர் பயணம் செய்கிறார்கள், விகிதம் 51. குனார்டின் குயின் மேரி 2 ஏறத்தாழ 1,49,000 டன், சுமார் 2,700 பயணிகள், 55. ஆகவே கப்பலின் பருமன் மட்டும் நெரிசலைச் சொல்லிவிடாது. ஆனால் இக்கணக்கில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு குடும்பங்கள் ஏறும்போது மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்புகின்றன. ஐகானில் 7,600 பேர் இருந்தால் 44 என்ற விகிதம் 33-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதே கப்பல், அதே அறை, ஆனால் பயணம் செய்யும் வாரத்தைப் பொறுத்து அனுபவம் மாறுகிறது. நீச்சல்குளத்தருகே நாற்காலி கிடைக்கவில்லை என்ற குறைபாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கிறது.

பருமன் வேறொரு வகையில் முக்கியமாகிறது: கப்பல் எங்கே போக முடியும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் புனித மார்க் சதுக்கத்துக்கு எதிரே உள்ள நீர்வழியில் செல்ல இத்தாலி அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை விதித்தது. அதன் பிறகு பல பெரிய கப்பல்கள் ராவென்னா, திரியெஸ்தே போன்ற துறைமுகங்களில் நிற்கின்றன. அட்டவணையில் ‘வெனிஸ்’ என்ற பெயர் மட்டும் நீடிக்கிறது. துறைமுகமே வேறு ஊரில் இருக்கும் பெருநகரங்களின் நிலையும் இதுவே. ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தால் கப்பல் நிற்பது எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிதாவெக்கியாவில். ‘பாரிஸ்’ என்றால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லெ ஹாவ்ரில். காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலிலிருந்து இறங்கி, பேருந்தில் போய்த் திரும்பும் நேரத்தையும், புறப்பாட்டுக்கு முன்பே கப்பலேறிவிட வேண்டும் என்ற விதியையும் கழித்துப் பார்த்தால், பாரிஸைப் பார்க்க எஞ்சுவது இரண்டு மூன்று மணி நேரமே. இரண்டு நிறுவனங்கள் ஒரே பட்டியலில் ஒரே ஊர்ப் பெயர்களைப் போட்டிருந்தாலும், ஒன்று அங்கே ஆறு மணி நேரமும் மற்றொன்று பன்னிரண்டு மணி நேரமும் நிற்கக்கூடும். ஊர்களின் எண்ணிக்கையைவிட, நிற்கும் நேரத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

இயற்கையை நாடிப் போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அண்டார்டிகாவில் 500-க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் எவரையும் கரையில் இறக்குவதில்லை. இறக்கும் சிறிய கப்பல்களும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் விடக்கூடாது. பெரிய கப்பலில் போகிறவர் பனிக்கண்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பத்தான் முடியும். அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்கே அனுமதி. அலாஸ்கா பயணம் என்று விற்கப்படும் எல்லாப் பயணங்களும் அந்த விரிகுடாவுக்குள் நுழைவதில்லை என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

முதியவர்களை அழைத்துச் செல்வோர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை எந்த விளம்பரமும் நினைவூட்டுவதில்லை. கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நிற்குமா, அல்லது நடுநீரில் நங்கூரம் பாய்ச்சி டெண்டர் எனப்படும் சிறுபடகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புமா? கிரேக்கத்தின் சாந்தோரினி, கரீபியனின் கிராண்ட் கேமன் ஆகிய இடங்களில் சிறுபடகு முறையே வழக்கம். முழங்கால் வலி உள்ள என் பெரியம்மாவோடு அப்படியொரு படகுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறந்திருந்தது. வெளியே படகு அலையோடு ஒரு முழம் எழுவதும் தாழ்வதுமாக இருந்தது. இரு பணியாளர்கள் இரு புறமும் கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருந்து, ‘இப்போது’ என்றார்கள். பெரியம்மா காலைத் தூக்குவதற்குள் படகு கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று அவர் அறைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பயணத்தை அவர் ஒப்புக்கொண்டதே அந்தத் தீவுக்காகத்தான். சக்கர நாற்காலி பயன்படுத்துவோரை அலை மிகுந்த நாளில் படகில் ஏற்றவே மாட்டார்கள். பயணத்தை விற்ற முகவரிடம் இதைப் பற்றிப் பின்னர் கேட்டபோது, அட்டவணையில் சிறிய நங்கூரக் குறி இருந்ததே என்று பதில் சொன்னார். அக்குறியின் பொருளை விளக்க வேண்டிய கடமை விற்பவருக்கே உண்டு.

அடுத்தது அறை. கடல் ஆட்டத்துக்கு அஞ்சுவோருக்குக் கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறையே ஏற்றது. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அசைவு கூடுதலாகத் தெரியும். தள வரைபடத்தில் தாம் எடுக்கும் அறையை மட்டும் பார்க்காமல், அதற்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியுமுன்பே நாற்காலிகளை இழுத்துப்போடும் ஓசை உச்சந்தலையில் கேட்கும். கீழே நாடக அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை மேளத்தின் அதிர்வு தரையில் வரும். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளம் நிம்மதியானது. சன்னலுள்ள அறை என்று மலிவாகக் கொடுக்கப்படும் சிலவற்றில் சன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும். அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் என்ற நிபந்தனையோடு வரும் கட்டணம் குறைவுதான். இளைஞர்களுக்கு அது லாபம். தூக்கம் கலைந்தால் நாள் முழுதும் சோர்ந்துவிடும் முதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தில் உள்ள தொகை இருவர் ஓர் அறையில் தங்குவதற்கான தலைக்கட்டணம். தனியாகப் போகிறவர் ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க நேரலாம். தனியாகப் போகிறவர்கள், நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் தன் எபிக் கப்பலில் கொண்டுவந்தது போன்ற ஒருவருக்கான சிற்றறைகள் உள்ள கப்பலைத் தேட வேண்டும். பணியாளர்களுக்கான அன்றாட டிப்ஸ், இணைய வசதி, மதுவகைகள், தனி உணவகங்கள், கரைச்சுற்றுலா ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் தனியே வசூலிக்கின்றன. ரீஜன்ட் செவன் சீஸ் போன்றவை இவற்றில் பெரும்பகுதியைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. கூட்டிப் பார்க்காமல் மலிவு, விலையுயர்வு என்று பேசுவதில் பொருளில்லை.

யாரோடு போகிறோம் என்பதும் தேர்வைச் சுருக்கிவிடும். வைக்கிங் கடற்கப்பல்களிலும் வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. டிஸ்னி கப்பல்கள் குழந்தைகளை மையமாக வைத்தே இயங்குகின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளையும், பயணத்தின் எந்த நாளிலாவது 24-ஆவது வாரத்தை எட்டிவிடும் கருவுற்ற பெண்களையும் ஏற்றுவதில்லை. காரணம், கப்பலில் இருப்பது ஒரு சிறு மருத்துவ மையம் மட்டுமே; பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ஹெலிகாப்டரிலோ அடுத்த துறைமுகத்திலோதான் இறக்க முடியும். அதற்கான செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் முதியவர்களைக் கப்பலேற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தூய்மையை அறிய வாய்மொழியை நம்ப வேண்டியதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சொகுசுக் கப்பல்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்குகிறது. 85-உம் அதற்குக் கீழும் தேறாத மதிப்பெண். கப்பல்வாரியாக இம்முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒரே நிறுவனத்தின் ஒரு கப்பல் முழு மதிப்பெண் பெற்றிருக்க, மற்றொன்று 90-ஐ ஒட்டி நிற்பதை அங்கே காணலாம். கப்பலின் பெயர் தெரியாதவருக்கு இந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை.

என் உறவினர் ஒருவர் குழந்தைகளுக்காகவே நீர்ப்பூங்கா உள்ள கப்பலைக் கேட்டுப் பணம் கட்டினார். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் கப்பலின் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அதற்கு இணையான கப்பல்’ என்றொரு வரி இருந்தது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது நீர்ப்பூங்கா இல்லாத, பழைய கப்பல். அதே நிறுவனத்தின் கப்பல்தானே என்று முகவர் வாதிட்டார். வானிலை காரணமாகத் துறைமுகத்தைத் தவிர்க்கவும் வழியை மாற்றவும் கப்பல் நிறுவனத்துக்குப் பயண ஒப்பந்தம் உரிமை தருகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் வீசும் கரீபியனில் அது நியாயமும்கூட. ஆனால் கப்பலையே மாற்றிக்கொடுக்க இடமளிக்கும் வரியை முகவர் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது கப்பலின் பெயர், கட்டிய ஆண்டு, கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு, மொத்த டன் அளவு, பயணிகள் எண்ணிக்கை, ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும் நேரம், அங்கே மேடையா சிறுபடகா என்ற விவரம் ஆகியவற்றை வாசிக்கத்தக்க எழுத்தில் தருமாறு விளம்பரதாரர்களைக் கேட்கலாம். தங்கள் பயணப் பக்கத்தில் வெளியாகும் கட்டுரைகளிலும் இவ்விவரங்களை ஒரு சிறு பெட்டியாகச் சேர்த்தால், முதல் முறை கப்பலேறும் குடும்பங்கள் முகவரிடம் போவதற்கு முன்பே கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்