கிலோவில் வாங்குகிறோம், மீட்டரில் வெட்டுகிறோம்

திருப்பூர்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. கிணற்று மோட்டாரைச் சரி பண்ணியாச்சு. நீ அனுப்பின பணம் 12-ஆம் தேதி வந்து சேர்ந்தது. எப்போதும் ஒண்ணாம் தேதி வரும் என்று சொல்ல வரவில்லை. வந்தது என்று தெரிவிக்கத்தான் எழுதினேன்.

போன வாரம் உங்கம்மாவிடம் போனில் ஒன்று கேட்டாயாம். அவள் வாயைத் திறப்பதற்குள் "சரி விடுங்க, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாயாம். அதோடு ஒன்பது நாளாச்சு. உங்கம்மா வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் வேறு சிலது சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்திருக்கிறது என்று காதில் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து இங்கேயும் நிலைமை அப்படித்தான். நம் சந்தில் இருக்கிற கம்பெனியில் ராத்திரி ஷிப்டு நின்றுபோச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கே தெரு அமைதியாகிவிடுகிறது. இந்த மாதிரி நேரத்தில் வேலை செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் கட்டிங் டேபிளில் நின்றவன் என்ற முறையில் எனக்குச் சொல்லத் தெரியும். அதனால் கேட்டுக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நாம் துணியைக் கிலோவில் வாங்குகிறோம், மீட்டரில் வெட்டுகிறோம். பனியன் கம்பெனியின் லாபம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பீசுக்கு 200 கிராம் என்று 50,000 பீஸ் ஆர்டருக்கு 10,000 கிலோ துணி. 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம், கேட்ட இடத்தில் 170 வந்து இறங்கினால், வெட்டுவதற்கு அதே நீளம்தான் வேண்டும், எடை மட்டும் 625 கிலோ கூடிவிடும். கிலோ 450 ரூபாய் என்று போட்டுப் பார், 2,81,250. பீஸ் 250 ரூபாய்க்குப் போகிற ஆர்டரில் நூற்றுக்கு ஐந்து நின்றால் மொத்த லாபமே ஆறேகால் லட்சம். அதில் பாதிக்குக் கிட்ட, யாரும் திருடாமல், யாரும் வேலையில் ஏமாற்றாமல், துணியே தின்றுவிடுகிறது.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? ரோல் வந்து இறங்கியதும் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்தில் ஒவ்வொன்று, வட்டக் கட்டரை வைத்து ஒரு திருகு. அது வெட்டுகிற துண்டு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, தராசில் போட்டால் 1.60 கிராம் காட்ட வேண்டும். 1.70 காட்டினால் அந்த ரோலை டேபிளுக்கு ஏற்றாமல் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அந்த வட்டத் துண்டுகளைத்தான் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன், நீ வாசப்படியில் உட்கார்ந்து தோசை சுட்டு அப்பத்தாவுக்குப் பரிமாறுவாய். மஞ்சள் கலர் வந்தால் அது நெய் தோசை.

வெட்டுவதற்கு டேபிளில் துணியை அடுக்கடுக்காக லே விரிக்கிறபோதும் அப்படித்தான். ஆறு மீட்டர் லேயில் இந்த நுனியில் மூணு சென்டிமீட்டர், அந்த நுனியில் மூணு சென்டிமீட்டர் சேர்த்து விடுவது வழக்கம். நூற்றுக்கு ஒன்று அங்கே போச்சு. நான் பையன்களைப் பக்கத்தில் நிறுத்தி, அடுக்கை இழுக்காமல் விரிக்கச் சொல்லிப் பழக்கி, அந்த மூணு சென்டிமீட்டரை ஒன்றரையாக்கினேன். முதலாளிக்குத் தெரியாது, ஒரு வருஷம் வரைக்கும். அக்கவுண்ட்ஸில் இருந்தவர்தான் கட்டிங் வேஸ்ட் எடை குறைகிறதே என்று பார்த்துச் சொன்னார். அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும் ஒரு மாதச் சம்பளம் கூட வந்தது. நீ அப்போது நடக்கவே ஆரம்பிக்கவில்லை.

ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், கம்பெனிக்குத் தன்னால் என்ன மிஞ்சுகிறது என்று வேலை செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதி வைத்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன், எத்தனை மெயில் போட்டேன் என்பதை முதலாளி எண்ண மாட்டார். இந்த ஆர்டரில் இவளால் இவ்வளவு மிஞ்சியது என்று ஒரு தொகை இருந்தால் அது மறக்காது. எழுதி வை, அம்மிணி.

உன் கார்ட்டன் விஷயத்தை நான் இன்றைக்கும் கட்டிங் பசங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகவில்லை, 16 இஞ்சு உயரப் பெட்டியை 15 இஞ்சாக்கினாய். கண்டெய்னருக்குள் ஐந்து அடுக்கு நின்ற இடத்தில் ஆறு அடுக்கு நின்றது. உள்ளே 94 இஞ்சுதான் உயரம், 16-ஐ ஐந்து அடுக்கு வைத்தால் மேலே 14 இஞ்சு காற்றுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை படித்தவர்கள் இருந்தும். எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் கடைக்குப் போய் அரைக்கிலோ மைசூர்பா வாங்கி ஃப்ளோர் முழுக்கக் கொடுத்தேன்.

அதை உன் மேனேஜர் தன் யோசனை என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டார் என்று நீ அழுதபோது நான் என்ன சொன்னேன்? "விடு அம்மிணி, வேலையைப் பாரு" என்றேன். அது தப்பு. அன்றே உனக்கு எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என்ன இருந்தது, என்ன மாற்றினாய், எவ்வளவு மிஞ்சியது, எந்தத் தேதி. நாலு வரி. மேனேஜருக்கு ஒரு மெயில், உனக்கு ஒரு நோட்டு.

இன்னொன்று, நீ லேப் டிப் அப்ரூவலுக்கு, அந்தச் சாய மாதிரித் துண்டுக்கு ஓகே வாங்க, பையரைத் துரத்தத் தயங்குகிறாய் என்று உன் பேச்சிலிருந்தே எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று. சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தச் சுபாவம், கடையில் மீதிச் சில்லறை கேட்க மாட்டாய். கலர் ஓகே ஆக ஆறு நாள் தாமதமானால் அந்த ஆறு நாளைச் சாயப்பட்டறையும் கொடுக்காது, தையலும் கொடுக்காது. கடைசியில் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் ஏற்ற வேண்டியதாகும். அந்தச் செலவு நம் தலையில்தான். விமானத்தில் சரக்கு ஏற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டேன், இனிமேல் சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

செக்கிங் டேபிள் அத்தையை அப்பா ஏன் வேலையை விட்டு நிறுத்தினார் என்றுதானே கேட்டாய்?

2011. ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டது. நொய்யல் ஆறு கெட்டதற்கு அது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. நூல் விலை ஏற்கெனவே எகிறிப்போயிருந்தது. சாயத்துக்குத் துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பி எடுத்தோம். கம்பெனி நஷ்டத்தில் ஓடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், எங்க மிச்சம் பண்ணலாம்னு உங்களுக்குத்தான் தெரியும், எழுதிக் கொடுங்க" என்றார்.

துணியில் எங்கே போகிறது என்று எனக்கு அப்போதும் தெரியும். வெளியூர்ச் சாயத்தில் ஜிஎஸ்எம் கண்டபடி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லாரியையும் மறித்து, பட்டறைக்காரரோடு சண்டை போட்டு, அவர் பில்லில் கழிக்க டெபிட் நோட் போட்டு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அவருக்கு அந்த வாரமே ஒரு தொகை வேண்டியிருந்தது. நான் பதினோரு பேர் பெயரை எழுதிக் கொடுத்தேன். தையலுக்கு உதவிக்கு நிற்கிற கைமடி நாலு பேர், பேக்கிங்கில் மூணு பேர், செக்கிங்கில் நாலு பேர். செக்கிங்கில் கடைசிப் பெயர் உன் அத்தை.

ஏன் அவள் என்றால், மெதுவாகப் பார்ப்பாள். மற்றவர்கள் இரண்டு பீஸ் பார்க்கிற நேரத்தில் அவள் ஒன்று பார்ப்பாள். உள்ளே கையை விட்டு, விரலை விரித்து, தையலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். ஊசி ஓட்டை அப்படித்தான் தெரியும். அதை நான் மெத்தனம் என்று கணக்குப் போட்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றை உங்கம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. பட்டியல் எழுதுகிறவன் பெயர் பட்டியலில் வராது. அது தெரிந்துதான் பேனாவைத் திறந்தேன்.

மாதம் 55,000 மிச்சம். எனக்கு 1,500 ரூபாய் சம்பளம் கூடியது. ஆவணி மாதம் ஒரு ஆர்டர் இன்ஸ்பெக்‌ஷனில் விழுந்தது, ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும். 20,000 பீஸை மறுபடி பிரித்துப் பார்க்க ஆளில்லை. கப்பல் போய்விட்டது. நாலு டன் சரக்கு, கிலோவுக்கு 120 ரூபாய் கொடுத்து விமானத்தில் போனது. 4,80,000. அந்தப் பதினோரு பேருக்கும் எட்டு மாதத்துக்கு மேல் கூலி கொடுத்திருக்கலாம். யார் தவறு என்று முதலாளி கேட்டபோது, அயர்ன் செக்‌ஷனைப் பார்த்துக் கை காட்டினேன். எழுதி வை எழுதி வை என்று உனக்குச் சொல்கிற நான் அந்தக் கணக்கை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவள் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. உனக்குத் தலை பின்னிவிட ஆளில்லாமல் நீ ஒரு வாரம் அழுதாய், அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். இரண்டு வருஷம் கழித்து உழவர் சந்தையில் எதிரில் வந்தாள். நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாப்பா நல்லா படிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன் பழைய பாடப் புத்தகத்தை மச்சிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டொயோட்டா கம்பெனி 1951-இல் தொழிலாளிகளிடம் யோசனை கேட்டு வாங்க ஆரம்பித்ததை நீ பச்சைப் பேனாவில் கோடு போட்டிருக்கிறாய். அதற்கு முந்தின வருஷம் அங்கே ஆட்களை வெளியே அனுப்ப நேர்ந்தபோது கம்பெனித் தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவியை விட்டுப் போனார். அதற்குக் கோடில்லை. அதை நான் நாலு தடவை படித்தேன்.

அம்மிணி, உன்னிடம் யாராவது பட்டியல் கேட்டிருக்கிறார்களா, இல்லை உன் பெயர் யாருடைய பட்டியலிலாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் நீ ஒன்பது நாள் பேசாமல் இருக்க வேண்டாம். தீபாவளிக்கு வந்தவள் இரண்டாம் நாளே பஸ் ஏறினாயே, அன்றைக்கே ஏதோ இருந்ததா? பட்டியல் கேட்டால் துணிக் கணக்கைக் கொண்டுபோய் மேஜையில் வை. ஜிஎஸ்எம், தாமதமான அப்ரூவல், கோடவுனில் கிடக்கிற மிச்ச ரோல், அத்தனையையும் ரூபாயில் எழுது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது எழுது. ஏற்றுக்கொள்வார்களா தெரியாது. நான் அதைச் செய்து பார்க்கவே இல்லை, அதனால் எனக்குத் தெரியாது.

உன் பெயர் இருந்தால் வீட்டுக்கு வா. பணத்தை நினைக்காதே.

நாளைக்கு பஸ் பார்சலில் கச்சாயமும் வறுத்த கடலையும் வருகிறது, உங்கம்மா நேற்றே சுட்டுவிட்டாள். அதோடு என் பழைய வட்டக் கட்டரும் இருக்கிறது. பிளேடு புதுசு, கையை வெட்டிக்கொள்ளாதே.

போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி. நான் எடுத்தால் "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்று சொல்லாதே, என்னிடமே பேசு.

உன் அப்பா