நோகுதா?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் நீ சொன்னது இன்னும் மனதில் கிடந்து அரிக்கிறது. "இக்கலூயிட்டில் எல்லாருக்கும் இங்கிலிஷ் தெரியும் அப்பா, இனுக்டிடூட் படிக்கத் தேவையில்லை." கனடாவின் வடக்கில் நீ நேர்ஸாக இருக்கிற அந்த ஊரில், இனுக்டிடூட் பேசுகிற இனுயிட் சனத்தின் இளம் ஆட்களுக்கு இங்கிலிஷ் தெரியும்தான். உன் வார்டில் படுத்திருக்கும் வயசான அம்மாமாருக்கு?

அப்பம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ சின்னப் பிள்ளை. இரவில் நாங்கள் கூட இருக்க முடியாது. எங்கே வலி என்று சொல்ல ஆளில்லாமல் அவ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பா. பிலிப்பைன்ஸ் நேர்ஸ் ஒருத்தி என்னிடம் கேட்டு ஒரு சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனா: "நோகுதா?" அடுத்த நாள் நான் போனால், அப்பம்மா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் முழங்கால் கதை முழுவதையும் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறா.

நாங்கள் இருக்கிற இந்த ஹமில்டன் அந்த இனுயிட் சனத்துக்குக் கடன்பட்ட ஊர், பிள்ளை. 1950களில் அவர்களிடையே காசநோய் பரவியபோது சி. டி. ஹவ் என்ற கப்பல் கரை கரையாகப் போய் எக்ஸ்ரே எடுத்தது. நோய் கண்டவர்களைப் பலவேளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளவும் விடாமல் தெற்கே கொண்டுவந்தார்கள். கனபேர் வந்து சேர்ந்தது இங்கே மலையில் இருந்த சானடோரியத்துக்கு, காசநோய் ஆஸ்பத்திரிக்கு. செத்தவர்களை எங்கே புதைத்தது என்றுகூடப் பல குடும்பங்களுக்குச் சொல்லவில்லை. வருஷக்கணக்காக இருந்து சுகமாகித் திரும்பிய பிள்ளைகள் சிலருக்குத் தாயோடு கதைக்கப் பாஷை இல்லை. 2019இல் பிரதமர் இக்கலூயிட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நீ ஊசி போடுகிற கைகளில் அந்தப் பிள்ளைகளின் கையும் இருக்கலாம்.

அவர்களின் எழுத்து உனக்குக் கஷ்டமாயிராது. ஒரு முக்கோணம் மேலே பார்த்தால் பி, வலப்பக்கம் திரும்பினால் பு, இடப்பக்கம் திரும்பினால் ப. நாங்கள் கொம்பும் சுழியும் போடுகிற இடத்தில் அவர்கள் எழுத்தையே திருப்புகிறார்கள். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சொற்கள்தான் நீளம். "எனக்கு வடிவாகக் காது கேட்காது" என்பது முழுக்க ஒரே சொல்: துசாட்சியாருன்னங்ஙிட்டுவாலூயுங்கா. உன் வேலைக்கு முதலில் தேவைப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

அங்கே பள்ளிக்கூடங்களில் 2019க்குள் எல்லா வகுப்புகளிலும் இனுக்டிடூட்டிலும் படிப்பிப்பார்கள் என்று சட்டம் போட்டார்கள். படிப்பிக்க ஆளில்லாமல் அதை 2039க்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்த அம்மாமார் இருக்கமாட்டார்கள்.

வருகிற ஞாயிறு எடுக்கும்போது "நோகுதா"வுக்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுவந்து சொல்லு. நானும் பேனையோடு இருப்பேன்.

அன்புடன்,
அப்பா